கணமும் தொடர்ச்சியும்: மின்னளவியின் கதை

மின்பணியாளர் கையில் டிஜிட்டல் மல்டிமீட்டரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இரு முனைகளைத் தொட்டவுடன் திரையில் ஓர் எண் தோன்றும். அந்த எண் உண்மைதான். ஆனால் அது அக்கணத்தின் உண்மை மட்டுமே. சற்று முன் என்ன நேர்ந்தது என்பதை அது சொல்வதில்லை. ஓயாது மாறும் மின் சமிக்ஞையைக் காலத்தோடு சேர்த்துப் பிடித்து வைப்பது எப்படி? நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியலாளரை வாட்டிய கேள்வி இது.

1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே, அட்லாண்டிக் கடலடியில் தந்தி வடம் இணைக்கப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. மறுகரையை அடையும்போது சமிக்ஞை அவ்வளவு நலிந்திருந்தது. அதைக் காண வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) அமைத்த கருவியே ஆடி கால்வனாமீட்டர். நுண்ணிய காந்தத்தோடு ஒட்டிய ஆடி திரும்பத் திரும்ப, அதில் பட்ட ஒளிப்புள்ளி அளவுகோலின் மீது இடமும் வலமும் நகரும். ஒருவர் அதை உற்றுநோக்கிச் சொல்ல, மற்றொருவர் எழுதுவார். கண் சோர்ந்தால் செய்தி தொலைந்தது. அந்த வடமும் சில வாரங்களில் ஊமையாயிற்று.

மனிதக் கண்ணை நம்பியிருக்கும் நிலையை மாற்ற, 1867இல் தாம்சன் வேறொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். காந்த முனைகளுக்கிடையே தொங்கும் கம்பிச்சுருள், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலை அசைக்கும். குழலிலிருந்து கசியும் மை, சீராக நகரும் தாள்நாடாவில் நெளிகோடாகப் படியும். காலம் தாளின் நீளமாயிற்று. கடந்துபோன கணத்தைத் திரும்பப் படிக்க முடிந்தது.

இதன் பயனை மருத்துவம் நன்குணர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன், இழைக் கால்வனாமீட்டரால் இதயத்தின் மின்துடிப்பை ஒளிப்படமாகப் பதிந்தார். 1924இல் நோபல் பரிசு பெற்றார். ஒற்றை எண் இதயத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்? அலையின் வடிவமன்றோ நோயைக் காட்டிக்கொடுக்கிறது!

பன்முக அளவியின் பாதை வேறு. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கேடி உருவாக்கிய, ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கும் ‘ஏவோமீட்டர்’ 1923இல் விற்பனைக்கு வந்தது. அதன் முள் நடுங்கினால் சமிக்ஞையும் நடுங்குகிறது என்று கண்டுகொள்ளலாம். 1950களில் அமெரிக்காவின் ஆண்ட்ரூ கே டிஜிட்டல் வோல்ட்மீட்டரைக் கொணர்ந்தார். துல்லியம் கூடியது, முள்ளின் நடுக்கம் மறைந்தது. எண் வந்தது, அசைவு போயிற்று.

இழந்ததை மீட்பதே பதிவு செய்யும் மல்டிமீட்டரின் பணி. குறித்த இடைவெளியில் அளந்து, நேரத்தோடு நினைவகத்தில் சேர்த்துக் கணினிக்கு அனுப்புகிறது. இரவெல்லாம் மின்கலம் எவ்வாறு தளர்ந்தது என்பதை மறுநாள் காலையில் வரைபடமாகக் காண்கிறோம். தாம்சனின் தாள்நாடா திரும்பி வந்துவிட்டது எனலாம்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மைக்கோடு தொடர்ச்சியானது, எண்களின் வரிசையோ புள்ளிகளால் ஆனது. நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கச் சொன்னால், இடையில் அரை நொடி நேரம் மின்னழுத்தம் சரிந்து மீண்டதை அக்கருவி அறியாமலே போகலாம். வரைபடத்தில் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு நாம் இட்டதே.

இரண்டு கல்வெட்டுகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை ஊகத்தால் நிரப்பிப் பழகிய வரலாற்று வாசகர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று. எதை அளக்கிறோம் என்பதைப் போலவே, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அளக்கிறோம் என்பதும் நமக்குக் கிட்டும் உண்மையைத் தீர்மானிக்கிறது.