ஒல்லாந்தர் ஆட்சியில் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகள்

ஓர் அரசு தன் குடிகளின் வழிபாட்டினைக் குற்றம் என விதித்தபோது, அவ்வழிபாடு எங்ஙனம் உயிர் தாங்கி நின்றது என ஆராயப்புகுவோர்க்கு முதற்கண் எதிர்ப்படுவது சான்றுகளின் வறுமையாகும். தடை விதித்த அரசு ஏடு எழுதி வைக்கும். தடைக்கு உட்பட்டோர்க்கோ ஏடு வைத்திருத்தலே ஏதமாய் முடியும். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கர் வரலாறும் இத்தகையதே. அதனை அறியத் துணைபுரிவன மூன்று: ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆவணங்களும் அக்கும்பனியின் குருவாகிய பால்தேயுஸ் எழுதிய நூலும் ஒன்று, கோவையிலிருந்து (கோவா நகரைக் குறித்தோம், கொங்குநாட்டுக் கோவையன்று) வந்த ஒறற்றோரியன் சபைக் குருமார் தம் தலைமையிடத்துக்கு எழுதிய மடல்கள் இரண்டாவது, ஊர்தோறும் வழங்கும் கன்னபரம்பரைச் செய்திகள் மூன்றாவது. இம்மூன்றும் தம்முள் ஒவ்வாத இடங்கள் பல. அவ்விடங்களிலேயே உண்மை பெரிதும் வெளிப்படுகின்றது என்பது நம் கருத்து.

1658ஆம் ஆண்டின் முற்பாதியில் தூத்துக்குடியும் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறங்கியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பட்டன. நாகப்பட்டினம் அவ்வாண்டிலேயே வீழ்ந்தது. கொச்சி 1663இல் வீழ்ந்தது. கடற்கரைத் தமிழர்க்கு இது வெறும் ஆட்சி மாற்றமன்று. பறங்கியர் ஆண்ட காலத்தில் அவர்தம் சமயத்தைத் தழுவியோர், இப்போது அச்சமயத்தையே பகைச் சமயமாகக் கொண்ட கால்வினிய வழிபாட்டினர் கீழ்க் குடிகளாயினர். யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்த சில திங்களுள், பறங்கியர் சிலரும் உள்ளூர்த் தலைவர் சிலரும் ஒல்லாந்தரைக் கொன்று கோட்டையை மீட்கச் சூழ்ச்சி செய்தனர். சூழ்ச்சி வெளிப்பட்டது. அதனை அறிந்திருந்தும் அறிவியாது விட்டார் என்ற குற்றத்திற்காகக் கால்தேரா என்னும் இயேசு சபைக் குரு தலை துணிக்கப்பட்டார். அதே ஆண்டில், கத்தோலிக்கக் குருவுக்கு உறையுள் அளிப்போர்க்குக் கொலைத்தண்டம் என்னும் கட்டளை பிறந்தது. எனவே, கும்பனியின் தடைக்குச் சமயக் காழ்ப்பு ஒன்றே காரணம் என்பாரோடும், அரசியல் அச்சம் ஒன்றே காரணம் என்பாரோடும் நாம் உடன்படுதற்கில்லை. கத்தோலிக்கக் குரு ஒவ்வொருவரும் பறங்கி அரசின் ஒற்றர் என்னும் எண்ணம் தொடக்கத்தில் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் பறங்கியர் இலங்கைக்கு மீளும் வாய்ப்பு அறவே ஒழிந்த பின்னரும் அக்கட்டளை நீங்கவில்லை என்பதே கருதத்தக்கது. அச்சம் போயிற்று, சட்டம் நின்றது.

தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் ஒப்புநோக்கின் இவ்வுண்மை மேலும் விளங்கும். முத்துக்குளித்துறைப் பரதவர் 1536ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றவர்; 1542இல் வந்த சவேரியாரால் சமயநெறி பயின்றவர். 1658இல் பால்தேயுஸ் அவர்களைத் தம் வழிக்குத் திருப்ப முயன்றார், பயன் விளையவில்லை. நகரின் கோயில்கள் கும்பனியின் கைப்பட, பரதவர் நகர்க்கு வெளியே சென்று தம் குருமாரிடம் பூசை கண்டு மீண்டனர். கும்பனி கண்டும் காணாதிருந்தது. 1713இல் பனிமய மாதாவுக்கு அந்நகரிலேயே புதுக்கோயில் எழுந்தது. ஒரே கும்பனி, ஒரே சமயம், ஒரே கட்டளை. பயன் மட்டும் வேறாயது ஏன்? தூத்துக்குடியில் கும்பனி வணிகனேயன்றி வேந்தன் அன்று. நிலம் மதுரை நாயக்கருடையது. முத்துக் குளிப்பதற்குப் பரதவர் வேண்டும். அவர் தோணியேறி வேறு துறை நாடின் முத்தும் இல்லை, வருவாயும் இல்லை. யாழ்ப்பாணத்திலோ கும்பனியே நிலத்துக்கும் நீதிக்கும் தலைவன். உழவன் தன் நிலத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடல் இயலாது. சமயப்பொறை என்பது இங்கு ஆள்வோரின் உள்ளத்தைப் பொறுத்ததன்று, ஆளப்படுவோரின் கால்களைப் பொறுத்தது எனலாம்.

யாழ்ப்பாணத்தில் கும்பனி கையாண்ட கருவி வாளினும் கூரியது, அதுவே தோம்பு. பறங்கியர் கட்டிய கோயில்கள் கால்வினிய வழிபாட்டிடங்களாயின. அவற்றை அடுத்துப் பள்ளிகள் இருந்தன. பள்ளி ஆசிரியரே பிறப்பும் திருமுழுக்கும் திருமணமும் பதியும் அலுவலராகவும் இருந்தார். அப்பதிவிற் பெயர் ஏறாதவனுக்கு மரபுரிமை ஐயத்திற்கிடமாகும். மணம் மணமாகக் கொள்ளப்படாது. முதலியார், விதானை முதலிய பதவிகள் எட்டா. பள்ளிக்கு வாராத சிறார்க்காகப் பெற்றோர் தண்டம் இறுத்தனர். இவ்வகையால் யாழ்ப்பாணத்திற் கால்வினிய கிறித்தவர் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர் எனப் பால்தேயுஸ் கணக்குக் காட்டினார். அவ்வெண்ணிக்கையுள் கத்தோலிக்கர் அடங்குவர். அவரினும் மிகுதியாகச் சைவர் அடங்குவர். பகலில் ஆசிரியர் முன் நின்று மந்திரம் ஒப்பித்து, இரவில் வீட்டினுள் திருநீறு அணிந்தோரும், இரவில் வீட்டினுள் செபமாலை உருட்டினோரும் ஒரே தோம்பில் அடுத்தடுத்த வரிகளில் இருந்திருப்பர். கத்தோலிக்கர் துன்பத்தை எழுதுவோர் சைவர் துன்பத்தை மறந்துவிடுதல் முறையன்று. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர் பறங்கியரே. அவர் காலத்துக் கொடுமைக்கு ஆற்றாது சிதம்பரம் சென்ற ஞானப்பிரகாசர் பெயரால் அங்கு ஒரு குளமும் உண்டு. கத்தோலிக்கப் பங்குகள் 1658க்குப் பின் அனுபவித்த நெருக்கடி, அதன் முன் பிறர் அனுபவித்ததே.

இனி, அப்பங்குகளின் உள்வாழ்க்கையை நோக்குவோம். 1658 முதல் 1687 வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள், யாழ்ப்பாணப் பகுதியில் நிலையாகத் தங்கிய குரு எவரும் இலர். ஒரு தலைமுறை முழுதும் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றியே வளர்ந்தது எனக் கொள்ளலாம். ஆயினும் சமயம் அழிந்திலது. இதற்கு விடை பங்கின் அமைப்பிலேயே உளது. குரு இல்லாதவிடத்து மூப்பர் இருந்தார்; செபம் சொல்லிக் கொடுக்க அண்ணாவியார் இருந்தார். நோயுற்றுக் கிடந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தலும், இறப்போர் தலைமாட்டில் செபித்தலும், நோன்பு நாள்களை நினைவுறுத்தலும் குருப்பட்டம் இல்லாதாரும் செய்யத்தக்கன. கும்பனியின் கட்டளை குருவைத் தண்டித்தது; குருவை ஒளித்தவனைத் தண்டித்தது. வீட்டுத் திண்ணையில் செபம் சொல்லும் பாட்டியை அது எதிர்பார்க்கவில்லை. திருச்சபை வரலாறு எழுதுவோர் பலர், யோசப் வாஸ் அடிகளார் வந்து அணைந்த விளக்கை ஏற்றினார் என எழுதுவது வழக்கம். விளக்கு அணையவில்லை என்பதும், அதனைக் காத்தவர் பெயர் அறியப்படாத இல்லறத்தாரே என்பதும் நம் துணிபு. அணைந்திருப்பின் அடிகளார் செபமாலையைக் கண்டு முகம் மலர்வதற்கு எவரும் இருந்திரார்.

இச்செபமாலைச் செய்தி ஒறற்றோரியன் மரபில் வழங்குவது. கோவா நாட்டுப் பெனோலிம் என்னும் ஊரில் 1651இல் பிறந்து 1676இல் குருவான யோசப் வாஸ், ஆட்களைச் சேர்த்துக்கொண்டோ அரசின் துணைகொண்டோ வரவில்லை. யோவான் என்னும் பணியாளர் ஒருவருடன் தூத்துக்குடி வழியாக 1687இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் புகுந்தார்; கடும் வயிற்றுநோயோடு கரை சேர்ந்தார் என்பர். கழுத்திற் செபமாலை தெரிய வீடுவீடாகப் பிச்சை ஏற்றுச் சென்று, அதனைக் கண்டோர் முகக்குறிப்பால் தம்மவரைத் தேர்ந்தறிந்தார். ஐரோப்பியக் குரு ஒருவர் இதனைச் செய்தல் ஒல்லாது; நிறமே காட்டிக்கொடுத்திருக்கும். கோவாவின் ஒறற்றோரியன் சபை இந்நாட்டுக் குருமாரால் ஆயது. பறங்கியரின் கோட்டையோடு வந்த சமயம், கோட்டை வீழ்ந்தபின் இந்நாட்டார் ஒருவரின் கந்தல் ஆடையுள் மீண்டும் நுழைந்தது. பறங்கியரின் ஒற்றர் என்னும் பழி இதனால் நீங்கிவிடவில்லை என்பதனையும் சொல்லுதல் வேண்டும்.

அவர் தங்கிய ஊர் சில்லாலை. அங்கிருந்து இரவுதோறும் அயலூர்கள் சென்று பூசை செய்து, விடியுமுன் மீண்டார். 1689இல் கிறித்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தோர்மீது கும்பனிப் படைஞர் பாய்ந்தனர். 300 பேர் வரை பிடிபட்டனர் என ஒறற்றோரியன் செய்திகள் கூறும். அவருள் கால்வினிய சமயத்தினின்று கத்தோலிக்கம் தழுவிய தொன் பேதுரு என்பார் அடியுண்டு இறந்தார். சிலர் கடுஞ்சிறை புகுந்தனர். ஏனையோர் தண்டம் இறுத்து மீண்டனர். ஊரார் தம் பொருட்டு அழிவர் என்று கண்ட அடிகளார் புத்தளம் சென்று, 1692இல் கண்டி நாடு புகுந்தார். அங்கும் பறங்கி ஒற்றர் என்றே சிறைப்பட்டார். பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவர்தம் நடையறிந்து விடுவித்தான். 1697இல் பெரியம்மை பரவியபோது அவரும் உடன்குருமாரும் நோயாளரைப் பேணியதால் மதிப்பும் பெருகியது. அவர் 1711 சனவரி 16இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். புறப்பட்ட பின் கோவாவை மீண்டும் கண்டாரில்லை. கிறித்தவ அரசு கொல்லத் தேடிய குருவுக்குக் கிறித்தவரல்லாத அரசு புகலிடம் தந்ததனை அக்காலத்தாரே வியந்திருப்பர். அப்புகலிடமும் நிலைக்கவில்லை, 1740களில் கண்டி அரசு குருமாரை நாட்டினின்று அகற்றியது.

இவ்விடத்து ஒரு வினா எழும். மயிலாப்பூரில் மேற்றிராசனம் இருந்ததே. அதன் துணை ஏன் கிட்டவில்லை? இக்கட்டுரை எழுதப்பெறும் மேற்கு மாம்பலத்துக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள சாந்தோமில் 1606இல் மேற்றிராசனம் கொச்சியினின்று பிரித்து நிறுவப்பெற்றது உண்மை. ஆயின் ஈழம் கொச்சியின் கீழேயே நின்றது. கொச்சி நகரோ 1663 முதல் ஒல்லாந்தர் கையில். சாந்தோம் தானும் 1662இல் கோல்கொண்டாப் படைக்கு வீழ்ந்து தன் துயரையே தாங்கிக் கிடந்தது.

மருதமடு மாதா திருவுருவின் வரலாறு கன்னபரம்பரையைச் சார்ந்தது. மாந்தைக் கோயிலில் இருந்த உருவினை, ஒல்லாந்தர்க்கு அஞ்சிய 20 குடும்பத்தார் 1670ஐ ஒட்டி எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்து மடுவில் வைத்தனர் என்பர். குடும்பத் தொகையையும் ஆண்டினையும் நாம் உறுதியெனக் கொள்ளவில்லை. கும்பனியின் கை எட்டாத காட்டிற்குள் ஒரு பங்கு தன் கோயிலையே பெயர்த்துச் சென்றது என்னும் கருப்பொருளை ஐயுறவும் இல்லை. 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோது அதே உருவு மடுவினின்றும் எடுக்கப்பெற்றுத் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது. பின்னர் மீண்டும் மடு சேர்ந்தது.

தமிழ் இலக்கிய வரலாற்றார்க்கு இக்காலம் அளித்த கொடை யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவின் திவார்த் தீவில் 1676இல் பிறந்து 1705இல் ஈழம் வந்து 1742இல் போலவத்தையில் மறைந்த இவர், சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். தேவ அருள் வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, வியாகுலப் பிரசங்கம் என்பன தமிழில் உள்ளன. இவர் காலத்தவராகிய வீரமாமுனிவர் தமிழகத்தில் தேம்பாவணியைக் காப்பியமாகப் பாடினார், புலவர் போற்றினர். கொன்சால்வெஸ் அடிகளாரின் நோக்கு வேறு. குரு ஆண்டுக்கு ஒருமுறையும் வர இயலாத ஊரில், அண்ணாவியார் ஏட்டினைப் பிரித்து உரக்க வாசிக்க, எழுத்தறியாதார் கேட்டு உணர வேண்டும். ஆதலின் அவர் உரைநடை செவிக்கு எழுதப்பட்டது. பேச்சின் ஓட்டமும் புலம்பலின் இழுப்பும் அதில் உண்டு. வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பெறும் வழக்கம் ஈழத்துப் பங்குகளில் வேரூன்றியது இதனாலேயே. தமிழ் உரைநடை வளர்ச்சியை ஆராய்வோர் அச்சுநூல்களையே பெரிதும் நோக்குவதால் இவ்வேட்டு உரைநடை உரிய இடம் பெறவில்லை. கும்பனி 1737இல் கொழும்பில் அச்சகம் நிறுவியது. தடைசெய்யப்பட்டோர்க்குப் பனையோலையே அச்சகம். பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழ்க் கால்வினியக் குரு கத்தோலிக்கத்தை மறுத்துச் 'சத்தியத்தின் செயம்' எழுதினார். ஒல்லாந்தர் ஆட்சி ஏறத்தாழ நூறாண்டு கடந்த பின்னரும் மறுப்புநூல் வேண்டியிருந்தது என்பது, மறுக்கப்பட்டது இறந்துபடவில்லை என்பதற்கு எதிரியே தந்த சான்று.

ஆயினும் இவ்வாழ்வுக்கு ஒரு விலை இருந்தது. கும்பனிக் குருவிடம் ஒரு திருமுழுக்கு, மறைவில் ஒரு செபம்; தோம்பிற்கு ஒரு மணம், மனச்சான்றுக்கு ஒரு மணம் என இரட்டை வாழ்வு தலைமுறை தலைமுறையாகப் பழகிற்று. இதனைக் கோழைமை எனல் எளிது. நிலமும் மகவுரிமையும் பணயமாக இருந்த நிலையில் அவர் வேறு என் செய்திருக்கக்கூடும் என்று கூறுதல் எளிதன்று. தொன் பேதுரு போன்றார் சிலரே. அவரைப் போற்றுவோர் ஏனை இருநூற்றுவரையும் முந்நூற்றுவரையும் தண்டம் இறுத்து வீடு திரும்பியமைக்காக இகழ்தல் தகாது. மீண்டும் கூடியவர் அவர்களே.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. தேசாதிபதி மெயிற்லன்ட் காலத்தில், 1806இல், கத்தோலிக்கர்க்கு இருந்த சட்டத் தடைகள் நீக்கப்பட்டன. அக்காலத்தில் யாழ்ப்பாணம் கண்ட குளோடியஸ் புக்கானன், கும்பனியின் பெருங்கோயில்கள் பாழடைந்து கிடந்ததனையும், தமிழரிடையே போதிக்கும் சீர்திருத்தச் சபையார் கிறித்தியான் தாவீது ஒருவரே எஞ்சியிருந்ததனையும் எழுதியுள்ளார். அறுபதினாயிரவரைக் கொண்ட தோம்பு வெறும் ஏடாயிற்று. யோசப் வாஸ் அடிகளார் 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் அறிவிக்கப்பெற்றார். பாப்பரசர் அன்றே மடுவுக்கும் சென்றார். சில்லாலையின் மூப்பர், அண்ணாவியார் பெயர்களைத் தொகுத்தற்கு ஊர்க் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் ஏடுகளையும், கும்பனித் தோம்புகளையும் ஒருங்கு வைத்து நோக்கும் பணி இனிச் செய்யற்பாலது.