துரை, சின்னண்ணன் ஆன கதை

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள். உள்ளே போனால் கல்லில் குடும்பச் சின்னங்கள். செத்த பிறகும் அந்தஸ்து விடவில்லை. திரும்பும் வழியில் தோணிரேவில் ஒரு சுவரொட்டி. பேச வருகிறவர் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் 'தேவ ஊழியக்காரர்'. ஊழியம் என்பது அடங்கிச் செய்கிற வேலை. திருவிதாங்கூரில் கூலி கொடுக்காமல் பிடுங்கிய வேலைக்கும் இதே பேர்தான். அது எப்போ பட்டமாச்சு? தேடிப் பார்த்தேன். அதற்குப் பதில் கிடைக்கல. ஆனா பட்டத்தைக் கழற்றி வைத்த ஒருவர் கிடைத்தார்.

அவரிடம் போகும் முன் 1910க்குப் போகணும். எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. நெல்லைச் சீமையைச் சேர்ந்த வி.எஸ். அசரியா அங்கே பேசினார். உங்கள் தியாகம் பெரியதுதான், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்துங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. சேவை செய்ய ஆள் இருந்தது. பக்கத்தில் சமமாக உட்காரத்தான் ஆள் இல்லை.

பதினோரு வருஷம் கழித்து, 1921ல், திருப்பத்தூரில் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தி, கிராமத்து மக்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கோயில் பாணியில் ஒரு ஜெபாலயமும் கட்டினார்கள்.

இதெல்லாம் பெரிய விஷயம்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அவர்களைக் கூப்பிட்ட பெயர். ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வயசுக் கணக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் அது வெள்ளைக்காரன் என்றாலே 'துரை' என்ற காலம். ஒரு வெள்ளைக்கார டாக்டர் தமிழ் டாக்டருக்கு அடுத்தவராக, 'சின்ன' என்ற அடைமொழியோடு வாழ்நாளெல்லாம் இருப்பது சாதாரணமில்லை. நோயாளியின் புண்ணைக் கழுவுவதில்கூட ஒரு பெருமை ஒளிந்துகொள்ளலாம், குனிகிறவர் மேலே இருந்துதானே குனிகிறார். சக டாக்டருக்குத் தம்பியாக இருப்பதில் அதற்கு இடமே கிடையாது.

இன்னொரு வேடிக்கை. பேட்டனின் குடும்பம் ஆலோவாவில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கதர்! 1932ல் சென்னையில், அந்நியத் துணி மறியல் நடந்த நாட்களில், போலீஸ் அவரைத் தடியால் அடித்தது. சாயத் தண்ணீரையும் பீய்ச்சியது. விஷயம் லண்டன் பாராளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. அங்கே அவர் டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டன். திருப்பத்தூரில் அதே சின்னண்ணன்தான்.

அந்த ஜெபாலயத்தை இன்னும் நேரில் பார்க்கல. சென்னையிலிருந்து ரயிலில் ஒரு காலைப் பொழுதுதான். அடுத்த லீவுக்குப் போகணும்.