டக்கோட்டா: போர் பெருக்கிய விமானம்

போக்குவரத்து வரலாற்றில் நிலைபெற்ற சாதனங்கள் யாவும் வேகத்தாலோ பருமனாலோ அப்பெருமையை எய்தியவையல்ல. சிக்கனமும் உறுதியும் பொருந்திய சாதனமே மக்கள் வாழ்வை மாற்றவல்லது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது, டக்கோட்டா எனப் பெயர்பெற்ற டக்ளஸ் டீ.சீ.-3 விமானமாகும்.

1931ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் மரச்சிறகுடைய ஃபொக்கர் விமானமொன்று வீழ்ந்து எண்மர் மாண்டனர். ஈரத்தால் சிறகின் ஒட்டு நெகிழ்ந்தமையே காரணமெனக் கருதப்பட்டது. மரவிமானங்கள்மீது மக்கள் நம்பிக்கை இழந்தனர். உலோகத்தாலான போயிங் 247 விமானங்களுள் முதல் அறுபதும் போட்டி நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஆதலின், வீழ்ந்த விமானத்தை நடத்திய நிறுவனம் 1932இல் டொனால்ட் டக்ளஸை நாடிற்று. அதன் பயனாக டீ.சீ.-1, டீ.சீ.-2 என்பன தோன்றின. அவற்றின் வழிவந்த டீ.சீ.-3, 1935 திசெம்பர் 17இல் முதன்முதலாகப் பறந்தது.

இரட்டை இயந்திரங்களையுடைய இவ்விமானம் 21 பயணிகளை ஏற்றிச் செல்லும். ஓர் இயந்திரம் நின்றுவிடினும் மற்றையதன் துணையாற் பறக்கும். அதுகாறும் அமெரிக்க விமான நிறுவனங்கள் தபால் ஏற்றுவதற்கு அரசாங்கம் அளித்த பணத்தையே பெரிதும் நம்பியிருந்தன. பயணிகளின் கட்டணத்தைக் கொண்டே இலாபமீட்டுதல் இவ்விமானத்தாலேயே இயல்வதாயிற்று.

எனினும், போருக்கு முன் சில நூறு விமானங்களே கட்டப்பட்டன. அவற்றைப் பல்லாயிரமாகப் பெருக்கியது இரண்டாம் உலகப் போரே. சீ-47 என அமெரிக்கப் படையினரும், டக்கோட்டா என பிரித்தானியரும் அழைத்த இவ்விமானம், 1944இல் நோர்மண்டியிற் படைவீரரை இறக்கியது. பர்மாக் காடுகளிற் போரிட்டோர்க்கு உணவும் மருந்தும் கொண்டுசென்றது. உரிமம் பெற்று இரசியாவிலும் யப்பானிலும் கட்டப்பட்டமையால், பகைவர் இருசாராரும் ஒரே விமானத்தைப் பயன்படுத்தினர்.

போர் முடிந்ததும் மிஞ்சிய விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. பெருமுதலில்லாத நாடுகளும் விமான சேவை தொடங்குதற்கு இதுவே வழிவகுத்தது. சுதந்திரத்துக்கு இரு மாதங்களுக்கு முன், 1947 திசெம்பர் 10இல், எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. வடபுலத்தில் அது இறங்கிய பலாலித் தளமும் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படை அமைத்ததே. ஓடுபாதையும் ஊர்தியும் போரின் எச்சங்களாயிருக்க, பயணம் மட்டும் அமைதிக்குரியதாயிற்று.

1978இல் எயார் சிலோன் சேவை முடிவுற்றது. ஆயினும், அழிவுக்கெனப் பெருக்கப்பட்ட சாதனத்தை ஆக்கத்துக்குத் திருப்புதல் இயலும் என்பதை டக்கோட்டாவின் வரலாறு இன்றும் உணர்த்துகின்றது.