பென்சில் சீவிய கத்தி



கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு அச்சம் தோன்றும். தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கோ அது அன்றாடச் சோற்றோடு சேர்ந்த பொருள். பால்மரம் சீவும் கத்தியைப் பிடித்த கைகளே நம்மில் பலரை வளர்த்து ஆளாக்கின. கத்தி பட்டையில் சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மறுபட்டை சீராக வளராது. மேலாகச் சீவினால் பால் குறையும். இந்த அளவைக் கண்ணால் பார்த்தும் கையால் செய்தும்தான் பழக வேண்டும். கூர்மையான கருவியும் பழகிய கையும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. அதே செய்தியைத் தன் வாழ்வாலும் தாழ்வாலும் எடுத்துச் சொல்லும் ஒரு சிறு கத்தியின் கதையை இன்று பார்ப்போம்.

அந்தக் கத்தி ஜப்பான் நாட்டுக் கத்தி. அதன் பெயர் ஹிகோநோகாமி. நம் ஊரில் பேனாக்கத்தி என்று சொல்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்தது. ஒரு தகட்டை இரண்டாக மடித்தால் அதுவே பிடி. அதற்குள் ஓர் அலகு. இரண்டையும் இணைக்க ஓர் ஆணி. அவ்வளவுதான். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் அடியில் சிறு வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டை விரலால் அழுத்தினால் கத்தி திறக்கும். விரலை அங்கேயே வைத்திருந்தால்தான் அலகு மடங்காமல் நிற்கும். பிடிப்பவனின் கவனமே அதற்குப் பூட்டு. மடக்கினால் சட்டைப்பையில் இருப்பதே தெரியாத அளவுக்கு அது மெலிந்தது.

இத்தகைய எளிய கத்தி எப்படித் தோன்றியது? அதை அறிய 1876-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அதற்கு முன் ஜப்பானில் சாமுராய் என்னும் போர்வீரர் குலத்தார் இடுப்பில் வாள் செருகிச் செல்வது அவர்களுடைய உரிமையாகவும் பெருமையாகவும் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மெய்ஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. படையினர், காவலர் போன்ற சிலரைத் தவிர வேறு எவரும் பொது இடங்களில் வாள் அணியக் கூடாது என்பதே அந்த ஆணை. வாளுக்கு மதிப்புக் குறைந்தது. வாள் அடித்துப் பிழைத்த கொல்லர் பலர் வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டிய கருவிகளைச் செய்யத் தொடங்கினர்.

ஹியோகோ மாநிலத்தில் மிக்கி என்றோர் ஊர் இருக்கிறது. 1578 முதல் 1580 வரை நடந்த முற்றுகையில் அந்த ஊர் பாழானது. அதை மீண்டும் கட்டி எழுப்பத் தச்சர்கள் திரண்டார்கள். தச்சருக்குக் கருவி வேண்டுமல்லவா? ஆகவே கொல்லர்களும் பெருகினார்கள். இரம்பம், உளி, இழைப்புளி ஆகியவற்றுக்கு அந்த ஊர் இன்றும் பெயர் பெற்றது. அங்கேதான் 1890-களில் இந்த மடக்குக் கத்தி உருவாயிற்று. தெற்கே கியூஷு தீவில் அது மிகுதியாக விற்பனையானதாம். அதனால் அங்கிருந்த ஹிகோ என்னும் பழைய நாட்டின் பெயரைச் சேர்த்து, 'ஹிகோ நாட்டு அதிபதி' என்று பொருள்படும் பட்டப்பெயரைச் சூட்டினார்கள் என்பர். ஏழைச் சிறுவனும் வாங்கக்கூடிய கத்திக்குப் பிரபு ஒருவரின் பட்டம்!

உண்மையிலேயே அது சிறுவர்களின் கத்தியாயிற்று. பள்ளிக்குப் போகும் பையன் அதைக் கொண்டு பென்சில் சீவினான். பள்ளி விட்டதும் மூங்கிலைச் செதுக்கிக் கைகளுக்கிடையே சுழற்றிப் பறக்கவிடும் தும்பி செய்தான். பழம் நறுக்கினான். சில வேளைகளில் விரலையும் வெட்டிக்கொண்டான். வெட்டுப்பட்ட விரல் அடுத்த முறை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைக் கற்றது. தந்தையர் கத்தியைத் தீட்டும் விதத்தை மகன்களுக்குக் காட்டினார்கள்.

அந்தக் கத்திக்கு எப்படித் தாழ்வு வந்தது? 1958-இல் ஜப்பானில் துப்பாக்கி, வாள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இளைஞர்கள் கத்தியால் குற்றம் செய்கிறார்கள் என்ற கவலையும் அக்காலத்தில் இருந்தது. அந்நிலையில், 1960 அக்டோபர் 12-ஆம் நாள், தோக்கியோவின் ஹிபியா மண்டபத்தில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோ மேடையில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது பதினேழு வயது இளைஞன் ஒருவன் மேடைமீது பாய்ந்து அவரைக் குத்திக் கொன்றான். அந்தக் காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டு நடுங்கியது.

அதன்பின், பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்கக் கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் வலுத்தது. பெற்றோரும் ஆசிரியரும் பைகளிலிருந்து கத்திகளை எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய அச்சத்தை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. பெற்ற மனம் அப்படித்தான் பதறும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இளைஞன் கையில் இருந்தது குட்டை வாள். பென்சில் சீவும் கத்தி அன்று. வாள் செய்த குற்றத்துக்குப் பேனாக்கத்தி தண்டனை பெற்றது.

அதே காலத்தில் கைப்பிடியைச் சுற்றிப் பென்சில் சீவும் பொறிகளும் பரவின. கத்தியின் தேவையும் குறைந்தது. ஒரு காலத்தில் மிக்கியில் பல பட்டறைகள் இந்தக் கத்தியைச் செய்தன. இன்று அப்பெயருக்கு உரிமையுள்ள பட்டறை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கத்தி போனதோடு இன்னொன்றும் போயிற்று. ஆப்பிளின் தோலைச் சீவத் தெரியாத, பென்சிலைக் கூராக்கத் தெரியாத பிள்ளைகள் வளர்கிறார்களே என்று பெரியவர்கள் வருந்தத் தொடங்கினார்கள்.

வருந்தியதோடு நில்லாத ஊரும் உண்டு. நாகானோ மாநிலத்தில் இக்கெடா என்னும் சிற்றூரின் தொடக்கப் பள்ளி ஒன்று, 1983-ஆம் ஆண்டில், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதே கத்தியை வழங்கத் தொடங்கியது. ஆறு வயதுப் பிள்ளைகள் ஆசிரியர் முன்னிலையில் பென்சில் சீவப் பழகினார்கள். கத்தியைப் பறிப்பதற்குப் பதிலாக, அதைப் பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் 1958-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் பிறந்தது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதை அது குற்றமாக்குகிறது. ஆகவே, பையில் கத்தி போட்டுக்கொண்டு பட்டணம் சுற்றும்படி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வேலைக்குரிய கத்தி வேலையிடத்தில் இருக்கட்டும். வீட்டுக்குரியது வீட்டில் இருக்கட்டும். அந்த வீட்டிலே, அம்மா காய் நறுக்கும்போது மகனையும் மகளையும் பக்கத்தில் உட்காரவைக்கலாம். விரலை எங்கே வைப்பது, கத்தியை இன்னொருவரிடம் நீட்டும்போது எந்தப் பக்கத்தை நீட்டுவது என்று சொல்லித் தரலாம். அப்பா கத்தி தீட்டும்போது பிள்ளை கல்லுக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

கத்திக்கு நல்லதும் தெரியாது; கெட்டதும் தெரியாது. அந்த அறிவு கைக்கு வேண்டும். கைக்கு அதைக் கொடுக்கும் பொறுப்பு பெரியவர்களாகிய நம்முடையது. அந்தப் பொறுப்பைக் கைவிட்டுவிட்டுக் கருவியை மட்டும் ஒளித்துவைத்தால், ஒளித்த கருவி என்றோ ஒருநாள் பழகாத கையில்தான் போய்ச் சேரும்.