காவிரி மின்சாரமும் கனியின் பதமும்

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டில் மாம்பழக் கூடையின் முன் நிற்கும் நம்மவர் முதலில் செய்வது என்ன? பழத்தை மெல்ல அழுத்தி, காம்பருகே முகர்ந்து பார்ப்பதே. நிறத்தை நம்பினோர் ஏமாறுவர். கார்பைடு கல்லின் வாயு தோலை மஞ்சளாக்கிவிடும். உள்ளே சதை புளித்துக் கிடக்கும். பழம் பழுக்க வைக்க அக்கல்லைப் பயன்படுத்துவதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. காசியின் லங்கடா மாம்பழமோ கனிந்த பின்னும் பசுமை மாறாது. ஆகவே தோலை விடுத்துச் சதையையே வினவும் வழி வேண்டும். மின்சாரம் அவ்வழிகளுள் ஒன்று.

சிவசமுத்திரத்துக் காவிரி வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலை அடைந்தது. நம் தமிழ்த் தொழிலாளர் வியர்வை சிந்திய சுரங்கங்கள் அவை. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. தங்கவயலுக்கு மின்சாரம் வந்த அதே 1902இல் ஜகதீச சந்திர போஸ் ஒரு நூல் வெளியிட்டார். முள்ளங்கி போன்றவற்றைத் தட்டியும் முறுக்கியும் தூண்டினால் அவற்றில் மின்னெழுச்சி தோன்றுவதைக் கால்வனோமீட்டர் கொண்டு அவர் காட்டினார். கொதிநீரால் உயிர் நீங்கிய பின் அவ்வெழுச்சி இல்லை.

போஸ் அளந்தது உயிர்ப்பொருள் தானே எழுப்பும் மின்சாரம். பழத்தின் பதம் காண்பதற்கோ நாம் மின்சாரத்தைச் செலுத்தி, அது எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கரான ஆஸ்டர்ஹௌட் கடற்பாசியில் இதைச் செய்து 1922இல் நூலாக்கினார்: உயிருள்ள திசு மின்சாரத்தை எதிர்த்து நின்றது, இறந்ததும் கடல்நீரைப் போலவே வழிவிட்டது.

காரணம் எளிது. ஒவ்வோர் உயிரணுவும் சவ்வினால் போர்த்திய ஒரு சாற்றுப் பை. மெதுவாகத் திசைமாறும் மின்னோட்டம் சவ்வினுள் எளிதில் புகாது. பைகளுக்கு இடையேயுள்ள சுவர்களின் வழியே சுற்றிச் செல்லும். விரைவாகத் திசைமாறுவதோ சவ்வையும் கடந்து போகும். கனியும்போது சுவரைப் பிணைக்கும் பெக்டின் கரைந்து, சுவர் தளர்கிறது. மெதுவான மின்னோட்டத்துக்குத் தடை குறைகிறது. 1994இல் ஹார்க்கர், மெய்ண்டொனால்டு என்னும் இருவர் நெக்டரின் பழத்தில் இதைப் பகுத்துக் காட்டினர்: சுவரின் தடை பெரிதும் வீழ்ந்தது; சவ்வு மாறியதோ சிறிதளவே. விரல் அழுத்தி அறியும் மென்மையும் இச்சுவர்த் தளர்ச்சிதான் அன்றோ!

ஆனால் இடர்களும் உண்டு. பழம் வெம்மையுற்றால் அளவு மாறும். கீழே விழுந்து கன்றிய காயும் கருவிக்குக் கனிந்ததாகத் தோன்றக்கூடும். ஊசிமுனைகளைச் சதையில் செருகினாலோ அந்தப் பழம் விற்பனைக்கு உதவாது. கூடைக்கு ஒன்றிரண்டைப் பலியிட்டு மற்றவற்றின் பதத்தை ஊகிக்கலாம். மார்க்கெட்டுப் பழக்காரம்மாவோ எதையும் குத்தாமல் முகர்ந்தே சொல்லிவிடுகிறார்.