வேளாண்மைக் காசும் மாதச் சந்தாவும்: வெல்லாவெளியில் இணையக் காணொளி தொலைக்காட்சிக்கு வரும் வழி

2025 மே மாதத்தில் அமெரிக்கர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கழித்த நேரத்தில் 44.8 சதவீதம் இணையக் காணொளிக்குப் போனதாக நீல்சன் நிறுவனம் அறிவித்தது. வானலையையும் கேபிளையும் கூட்டினாலும் அந்த அளவுக்கு வராமற்போனது அதுவே முதல் முறை. அதே ஆண்டின் தொடக்கத்தில் யூடியூப் நிறுவனமும் ஒரு செய்தி சொன்னது: அமெரிக்காவில் தன் காணொளிகள் கைப்பேசியைவிடத் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே கூடுதல் நேரம் பார்க்கப்படுகின்றன. இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, இன்று அங்கே நடப்பது நாளை இங்கே நடக்கும் என்று கணக்குப் போடுவது சந்தை ஆய்வாளர்களின் வழக்கம். அந்தக் கணக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பிழைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பெட்டிக்கோ பார்க்கும் ஆசைக்கோ அங்கே குறைவு கிடையாது. தடை இருப்பது காசு வரும் பருவத்திலும் டேட்டா விற்கப்படும் முறையிலும்.

வெல்லாவெளி, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள ஊர். களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. பழுகாமம், மண்டூர், திக்கோடை, தும்பங்கேணி, பாலையடிவட்டை என்று விரியும் இந்தப் பற்றில் நெல்வயல் வட்டைகளே நிலத்தின் பெரும்பகுதி. 2007இல் அரச படைகள் கைப்பற்றும் வரை படுவான்கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. பல ஊர்களுக்குத் தேசிய மின்வலையமைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் தொலைக்காட்சி கரண்டுக்காகக் காத்திருக்கவில்லை. உழவு மெசின் பற்றரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடியது; ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வந்து, ஒரு வளவில் ஊரே கூடி விடிய விடியப் படம் பார்த்தது. இதை நான் பழைய நினைவாக மட்டும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் படுவான்கரையான் படத்துக்குக் காசு கொடுத்தான். ஒரு இரவுக்கு, ஊர் சேர்ந்து, கையில் காசு இருந்தபோது கொடுத்தான். அந்த மூன்று நிபந்தனைகளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. இன்றைய இணையச் சேவைகள் மூன்றையும் மீறியே விற்கப்படுகின்றன.

முதலில் விலை. முழுத் தெளிவுள்ள காணொளி தடையில்லாமல் ஓட நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேண்டும் என்பது யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் இரண்டும் தரும் அளவு. மணிக்கு 2.25 ஜிபி. நாளுக்கு இரண்டு மணி நேரம் பார்த்தால் மாதம் 135 ஜிபி. அதே காணொளியைக் கைப்பேசியின் சின்னத் திரையில் 480 தரத்தில் பார்க்க மணிக்கு அரை ஜிபி போதும். 43 அங்குலத் திரையிலோ அந்தத் தரம் கலங்கிப் போகும். பார்க்கிறவர் தானாகவே தரத்தை ஏற்றிவிடுவார். ஆக, கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு மாறும் குடும்பம் திரையின் அளவை மட்டும் கூட்டவில்லை, டேட்டாச் செலவையும் நாலரை மடங்காக்குகிறது. கம்பி இணைப்பில் அளவில்லாப் பொதி வைத்திருக்கும் நகரத்து வீட்டுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. நாலாம் தலைமுறை ரவுட்டரை நம்பியிருக்கும் வீட்டுக்கு மாதத்தின் இரண்டாம் கிழமையிலேயே பட்டுவிடும்.

அடுத்தது நேரம். இங்கு விற்கப்படும் வீட்டு இணையப் பொதிகள் பலவற்றில் டேட்டா பகலுக்கென்றும் இரவுக்கென்றும் பிரித்தே தரப்படுகிறது. இரவுப் பங்கு நள்ளிரவுக்கு மேல்தான் தொடங்கும். தனியே படுத்துக்கொண்டு கைப்பேசி பார்க்கும் இளைஞனுக்கு அது உதவும். தொலைக்காட்சியோ குடும்பம் சோறு தின்று முற்றத்திலும் விறாந்தையிலும் இருக்கும் ஏழு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில் ஓடுவது. விடியுமுன் வயலுக்குப் போகிறவர்களும், தோட்டத்துக்கு யானை வரும் என்று காவலுக்கு எழும்புகிறவர்களும் நள்ளிரவில் சபையாகக் கூடிப் படம் பார்க்கப் போவதில்லை. பொதியின் மேல் அச்சிட்ட ஜிபி எண்ணிக்கையில் ஒரு பெரும்பங்கு தொலைக்காட்சிப் பெட்டிக்குச் செல்லாக்காசு என்றே நான் கருதுகிறேன்.

அந்த மாலை நேரத்திலேயே கோபுரமும் திணறுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வழமையான நாலாம் தலைமுறைக் கோபுரத்தின் ஒரு பிரிவு நொடிக்கு 150 மெகாபிட் வரை தரலாம். இது ஏட்டுக் கணக்கு. வயல்வெளியைத் தாண்டி நிற்கும் வீட்டுக்கு அதில் சிறு பங்குதான் போகும். ஏட்டுக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் முப்பது வீடுகள் ஒரே நேரத்தில் முழுத் தெளிவுப் படம் பார்த்தால் அந்தப் பிரிவு நிரம்பிவிடும். வானலை ஒளிபரப்பு இதற்கு நேர் எதிர்த் தன்மையுடையது. 1982 பெப்ரவரி 15இல் தொடங்கிய ரூபவாஹினியானாலும், பின்னால் வந்த சக்தி, வசந்தம் ஆனாலும், முப்பது வீடு பார்த்தால் என்ன, மூவாயிரம் வீடு பார்த்தால் என்ன, அனுப்புகிறவருக்குச் செலவு ஒன்றே. இணையத்தில் ஒவ்வொரு புதிய பார்வையாளரும் பக்கத்து வீட்டாரின் பங்கைக் குறைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார். சந்தை வளர வளரச் சேவை கெடும் இந்த நிலையை, புதிய கோபுரங்களுக்கோ கம்பிக்கோ முதலீடு வரும் வரை எந்தக் கணிப்பும் தாண்ட முடியாது. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் தூரத்தை வெல்லும், ஆனால் அதன் விலை ஒரு வேளாண்மைக் குடும்பம் எட்டும் விலை இல்லை.

மேற்சொன்னவை யாவும் தொழினுட்பத்தால் காலப்போக்கில் தீரக்கூடியவை. தீராதது ஒன்று உண்டு. படுவான்கரையில் காசு மாதத்துக்கு ஒருமுறை வருவதில்லை. மாரிப் போகத்து வேளாண்மை வெட்டி, மெசின் கூலி, உரக் கடன், வயற்சொந்தக்காரரான போடியாரின் குத்தகை எல்லாம் கழிந்து, ஆண்டின் முதல் மாதங்களில் ஒருமுறை கையில் நிற்கும். தண்ணீர் கிடைத்த வட்டைகளில் சிறுபோகம் முடிந்து இன்னொருமுறை நிற்கும். இடையில் கூலி வேலை, வாவி மீன், மத்திய கிழக்கிலிருந்து ஒரு மகளோ மனைவியோ அனுப்பும் பணம். பெட்டி வாங்குவது அறுவடைக்குப் பின்னாலோ வெளிநாட்டுக் காசு வந்த கையோடோதான். கடைகளில் இன்று நிற்கும் பெட்டிகளில் ஸ்மார்ட் ரீவிகளே மிகுதி என்பதால் வாங்குகிறவருக்கு அவற்றைத் தவிர்க்கவும் வழியில்லை. ஸ்மார்ட் ரீவி விற்பனையை எண்ணி இணையப் பார்வையாளரை எண்ணிவிட்டதாகக் கொள்ளும் கணிப்பு இங்கேதான் சறுக்குகிறது. பெட்டி ஒருநாள் வாங்கும் பொருள்; சந்தா பன்னிரண்டு மாதக் கட்டு.

கட்டு என்ற சொல்லை யோசித்தே இடுகிறேன். போருக்குப் பின் இந்தக் கிராமங்களுக்குள் வந்த நுண்கடன் நிறுவனங்கள் கிழமைதோறும் தவணை வாங்கின. வட்டைக்குள் நெல் பச்சையாக நிற்கும்போதும் தவணை நாள் தவறாமல் வந்தது. கடன்பட்ட பெண்களின் நிலை எவ்வளவு மோசமாயிற்று என்றால், வறட்சி தாக்கிய மாவட்டங்களின் பெண்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்த அனுபவம் கண்ட வீடு, மாதாமாதம் தானாகக் கழியும் எந்தக் கொடுப்பனவையும் அச்சத்தோடே பார்க்கும். அதைச் சிக்கனம் என்றோ அறியாமை என்றோ எழுதுவது அநியாயம். அது பட்டுத் தெளிந்த அறிவு.

கரண்ட் பில் மாதாமாதம் கட்டத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். கட்டுகிறார்கள், பிந்தியும் கட்டுகிறார்கள். இணைப்பை வெட்ட வருமுன் ஓர் அவகாசம் கிடைக்கிறது. காணொளிச் செயலிகள் அந்த இடைவெளியைத் தருவதில்லை. அவற்றில் பலவற்றுக்கு வங்கி அட்டையும் வேண்டும். சந்தைக்கு வழி காட்டிய பழைய முயற்சி ஒன்று இந்த நாட்டிலேயே உண்டு: டயலொக் டிவி நாட்கணக்கில் காசு கட்டிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. கையில் உள்ளதைக் கொமினிகேசன் கடையில் கொடுத்து ரீலோட் போட்டு, வேண்டிய நாளில் திறந்து, வேண்டாத நாளில் விட்டுவிடும் அந்த ஏற்பாடு வாடகை டெக்கின் தொடர்ச்சிதான். இணையக் காணொளிக்கும் அதே வடிவம் வந்தால், அதாவது தொலைக்காட்சித் தரத்தில் மாலை இரண்டு மணி நேரத்துக்கென்று ஒரு விலையும், அறுவடையோடு முன்கூட்டிக் கட்டும் ஒரு போகப் பொதியும் வந்தால், வெல்லாவெளியின் சந்தை இன்று தெரிவதைவிடப் பலமடங்கு பெரிது.

இந்தியாவை எடுத்துக்காட்டாகக் காட்டுவோரும் உண்டு. 2016 செப்டெம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா விலை விழுந்தது, தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை காணொளி பாய்ந்தது. உண்மைதான். ஆனால் அந்த வீழ்ச்சிக்குப் பின்னால் பல ஆண்டு நட்டத்தைத் தாங்கும் பெருமுதலும் நூறுகோடிக்கு மேற்பட்ட மக்களும் இருந்தார்கள். இலங்கையின் திசை வேறு. 2022இல் கடன் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதற்குச் சற்று முன் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. வெளிநாட்டு எண்ணிமச் சேவைகளையும் அவ்வரிக்குள் கொண்டுவரும் சட்டத் திருத்தம் 2025இல் வந்தது. மலிவு அலை தானாக வந்து தூக்கிவிடும் என்று இங்கே காத்திருக்க முடியாது.

படுவான்கரை பார்ப்பதில் மட்டும் நிற்கவில்லை, காட்டவும் செய்கிறது என்பது கணிப்புகள் எதிலும் சேராத செய்தி. கோயில் திருவிழாக்கள், வடமோடி தென்மோடிக் கூத்துகளின் அரங்கேற்றங்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் கைப்பேசியில் பிடிக்கப்பட்டு யூடியூப்பில் ஏறுகின்றன. அவற்றைப் பெரிய திரையில் பார்க்கிறவர்கள் சுவிற்சர்லாந்திலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். விளம்பர வருமானம் பார்க்கிறவரின் நாட்டைப் பொறுத்து மாறுவதால், அந்த வீடுகளில் ஓடும் ஒரு மணி நேரக் கூத்து, உள்ளூரில் ஓடும் பல மணி நேரத்தைவிடக் கூடுதலாகப் பெறும். ஆனால் அந்த வருமானத்தில் பங்குபெற ஓர் அலைவரிசைக்கு ஆயிரம் சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். தனித்தனி இளைஞர்களின் சிறு அலைவரிசைகள் இதை எட்டாமலே வாடுகின்றன. ஊர்க் கலைக்கழகங்கள் கூடி ஒரே அலைவரிசை நடத்தினால் எட்டலாம். இணையத் தொலைக்காட்சியிலிருந்து வெல்லாவெளிக்குள் காசு வரக்கூடிய வழி இது ஒன்றே எனக்குத் தெரிகிறது. அண்ணாவிமாரின் கூத்து நள்ளிரவு கடந்து ஆடப்படுவது. இரவு டேட்டாவுக்கு ஒரு நல்ல பயன் இருக்குமானால் அதை அனுப்புவதுதான்.

இறுதியாக அரசின் கடமை. தரைவழி எண்ணிம ஒளிபரப்புக்கு ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை இலங்கை 2014இல் தெரிந்தெடுத்தது. பத்தாண்டு கடந்தும் அந்த மாற்றம் முடியவில்லை. அதற்குள் இணையம் வந்துவிட்டதே, இனி எதற்கு என்ற பேச்சும் எழுகிறது. அந்தப் பேச்சை நான் எதிர்க்கிறேன். அம்முறையில் ஒவ்வோர் அலைவரிசையும் 13 கூறுகளாகப் பிரிகிறது. ஒரு கூறைக் கையடக்கக் கருவிகளுக்கு ஒதுக்கலாம், அனர்த்த எச்சரிக்கையையும் அனுப்பலாம். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட மாவட்டம் இது. டேட்டா தீர்ந்த வீட்டிலும், மாதத்தின் கடைசிக் கிழமையிலும், போகத்துக்குப் போகம் இடைப்பட்ட வெறுங்கை நாளிலும் ஓடக்கூடிய ஒரு திரை திக்கோடைக்கும் தும்பங்கேணிக்கும் வேண்டும். இணையக் காணொளி அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கட்டும், நாட்கணக்கு ரீலோட்டோடு.