ஸ்காண்டினேவிய மழலையர் பள்ளிகளின் அக அமைப்பு

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கென அமைக்கப்படும் அறைகள், வெளிர் நிற மரத்தாலும் தாராளமான பகலொளியாலும், குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான தட்டுகளில் அளவாக வைக்கப்பட்ட பொருள்களாலும் அடையாளம் காணப்படுகின்றன. இப்பள்ளிகளுக்கு நார்வே மொழியில் வழங்கும் 'பார்னஹாகெ' என்னும் பெயர் 'குழந்தைத் தோட்டம்' எனப் பொருள்படும். ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840இல் தம் பள்ளிக்குச் சூட்டிய 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை அடியொற்றியது அது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதப் பகல் சுமார் 6 மணி நேரமே நீடிக்கும் என்பதை நினைத்தால், பெரிய சன்னல்களும் ஒளியைச் சிதறவிடும் வெளிறிய சுவர்களும் அங்கே ஏன் தேவைப்பட்டன என்பது விளங்கும்.

இந்த எளிமைக்குக் கருத்தளவில் வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஸ்வீடனின் எல்லென் கீ (1849–1926). கனத்த திரைச்சீலைகளும் ஆடம்பரத்தைப் போலிசெய்யும் மலிவான அலங்காரங்களும் அடைத்துக்கொண்ட வீடுகளை 1899இல் வெளியான 'அனைவருக்கும் அழகு' என்னும் நூலில் கண்டித்த அவர், பயன்படும் பொருளே அழகாகவும் இருக்க வேண்டும், அந்த அழகு ஏழைக்கும் எட்ட வேண்டும் என வாதிட்டார். அடுத்த ஆண்டே 'குழந்தையின் நூற்றாண்டு' என்னும் நூலை எழுதினார். அதே 1899இல் ஓவியர் கார்ல் லார்சன் சுண்ட்பூர்ன் கிராமத்துத் தம் வீட்டை நீர்வண்ண ஓவியங்களாக வெளியிட்டபோது, அவற்றில் சிவப்பும் பச்சையும் தாராளமாக இடம்பெற்றிருந்தன. வெள்ளையும் மணல் நிறமும் மட்டுமே ஸ்காண்டினேவியப் பாணி என வெளிநாடுகளில் பரவியுள்ள எண்ணம் இம்மரபின் தொடக்கத்துக்குப் பொருந்துவதன்று.

நிறத்தைவிட முக்கியமானது, பெரியவர் துணையின்றிக் குழந்தை தானே இயங்குவதற்கு அறை இடந்தருகிறதா என்பதே. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் தம் நண்பரின் மகனுக்காக 1944இல் வடிவமைத்த 'பீட்டர் நாற்காலி', திருகாணியோ பசையோ இன்றி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் 4 மரத்துண்டுகளால் ஆனது. கூரிய முனைகள் இல்லாத அதைக் கழற்றி மாட்டுவதே ஒரு விளையாட்டு. நார்வேயின் பீட்டர் ஓப்ஸ்விக் 1972இல் உருவாக்கிய 'டிரிப் டிராப்' நாற்காலியிலோ, குழந்தை வளர வளர இருக்கையையும் கால்பலகையையும் இடம் மாற்றிப் பொருத்தலாம் என்பதால், சிறு குழந்தையும் பெரியவர்களின் மேசைக்குச் சமமாக அமர முடிகிறது.

அலங்காரம் மிகுந்த சுவர் கவனத்தைச் சிதறடிக்கும் என்னும் கருத்துக்கு அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஓரளவு வலுச்சேர்த்தது. படங்களும் அட்டைகளும் நிறைந்த அறையைவிட வெறுமையான அறையில் குழந்தைகள் பாடத்தில் அதிகம் ஈடுபட்டனர். கலந்துகொண்டோர் 24 குழந்தைகளே என்பதால், சுவர்களை அறவே வெறுமையாக்க வேண்டும் என அதைக் கொண்டு முடிவுகட்ட இயலாது.

உள்ளறையின் அமைதியை வெளிமுற்றத்தோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். மழையிலும் பனியிலும் குழந்தைகள் வெளியே விளையாடுவது அங்கு வழக்கம் என்பதால், நனைந்த உடைகளை உலர்த்தும் அலமாரி நுழைவறையில் இன்றியமையாத பொருளாகிறது. டென்மார்க் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த 1943ஆம் ஆண்டில், நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடோர் சோரன்சென் கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில், பலகை, செங்கல் முதலிய கழிபொருள்களைக் கொண்டு குழந்தைகளே தம் விருப்பப்படி கட்டியும் கலைத்தும் விளையாடும் திடலை அமைத்தார். தாம் உருவாக்கியவற்றுள் பார்வைக்கு மிக அழகற்றது அதுவே என ஒப்புக்கொண்ட அவர், தம் பணிகளுள் சிறந்ததும் அதுவே எனக் கருதினார்.